மாமரத்தடிப் பங்கர்

கண்டாவளையை விட்டு வாய்க்கால் கரையால் நடந்துகொண்டிருந்தேன். றோட்டால் போயிருந்தால் பரந்தன் பஸ் கிடைத்திருக்கும். ஆனால் றோட்டில் மோட்டார் சைக்கிள்கள் வரும். என்னைத் தேடி வந்த இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் நாணலுக்குள் இறங்கிக் குந்தினேன். ஒருதடவை குந்தி எழும்பியபோது அது தண்ணீர் இறைக்கிற மெஷின் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன்வாடி, அரிசி ஆலை, லொறி என்று எங்கும் நிலைத்து நிற்கவில்லை. கடைசியாகக் கண்டாவளையில் ஒரு போன் கடையில் வேலைக்கு நின்றேன். கடைக் கம்பியூட்டரில்தான், இன்டர்நெட்டில் ஆட்கள் உருவமெடுத்து உலாவுகிற அந்த உலகத்தைக் கண்டேன். அங்கே எங்களுக்கு ஒரு உடம்பு தருவார்கள். அதற்குச் சட்டை போட்டு நடக்கலாம், ஆட்களோடு கதைக்கலாம். முதலில் ஒரு நடன மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றேன். அந்த உலகத்துக் காசைக் கொழும்பில் ஒருவர் ரூபாயாக மாற்றித் தந்தார். பிறகு வீடு கட்டப் பழகினேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீட்டை அங்கே கட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். வீடு கட்டுகிறவன் என்பதால் எல்லாரும் என்னை மேசன் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு அக்கா உடையார்கட்டில் இருந்த தன் வீட்டைக் கேட்டா. முன்பக்கம் மட்டும் தெரிகிற பழைய படம் ஒன்றை அனுப்பினா. பின்வளவில் கிணறும் மாமரமும் இருந்ததாகச் சொன்னா. மிச்சத்தை நானே யோசித்துக் கட்டினேன். கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவில் ஒரு பங்கரையும் வெட்டினேன். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்தேன். அவ கேட்கவில்லை. வீடு என்றால் பங்கர் இருக்கும் என்றுதான் என் கைக்குத் தெரியும். நான் சின்ன வயதில் குண்டுவீச்சுக்குப் பயந்து படுத்த பங்கரும் மரத்தடியில்தான் இருந்தது. நிழல் மேலேயிருந்து மறைக்கும், வேர் மண்ணைப் பிடிக்கும்.

அக்கா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தா. சிவப்புச் சேலை கட்டிய அந்த உருவம் பின்வளவில் அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, பங்கர் இதிலதான் இருந்ததெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. எல்லா வீட்டிலயும் இருந்ததுதானே."

"அதுக்குள்ள என்ன கிடக்கெண்டும் தெரியுமோ?"

"இல்லை அக்கா. சத்தியமாத் தெரியாது."

"நீர் அங்க கிட்ட, கண்டாவளையில நிக்கிறன் எண்டெல்லே சொன்னனீர்" என்றா. உடனே மறைந்துவிட்டா.

எங்கள் பக்கத்தில் போர் முடிகிற நேரம், கடைசி இடம்பெயர்வின்போது சனம் நகையைப் புதைத்தது. வேறு ஆட்கள் ஆயுதம்போல வேறு பொருட்களைப் புதைத்தார்கள். இன்றைக்கும் மெஷின் கொண்டுவந்து கிண்டுகிறார்கள். கிண்டுகிறவர்களைப் பிடிக்கவும் ஆட்கள் வருவார்கள். புதைத்த இடம் தெரிந்தவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் அவனைத்தான் கேட்கும். தெரியாது என்ற பதிலை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த முறை உள்ளே போனபோது பங்கர் வாசலில் இரண்டு உருவங்கள் நின்றன. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே சாம்பல் சட்டை. நான் வணக்கம் சொன்னேன். ஒன்று மட்டும் தமிழில் எழுதியது: "இது எந்தக் காணி?" நான் பங்கரை அழித்தேன். ஒரு விரல் அழுத்தலில் நிலம் மட்டமானது. அவை அந்த மட்டமான இடத்திலேயே அசையாமல் நின்றன.

இரண்டு நாள் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கடை முதலாளி என்னை உள்ளே இழுத்தார்.

"டேய், மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர் வந்தவை. கம்பியூட்டரில வீடு கட்டுற பெடியன் எங்கயாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள் அண்ணை?"

"அவன் வெறும் மேசன், கூலிக்குக் கட்டுறவன் எண்டன். அப்ப நிலத்தில கிடங்கும் வெட்டுவானோ எண்டு கேக்கினம். பகிடி விடுறாங்கள் எண்டு சிரிச்சன். அவங்கள் சிரிக்கேல்லை. பின்னேரம் வருவினமாம்."

பின்னேரத்துக்கு நான் நிற்கவில்லை. உரப்பையில் மாற்றி உடுக்கிற சாரத்தைத் திணித்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினேன். போனைக் கடையிலேயே விட்டுவிட்டேன். அங்கிருந்த கம்பியூட்டருக்குள்தான் அந்த உலகமும் இருந்தது, என் பேரும் இருந்தது. பரந்தனில் கூட்டம் நெரித்த பஸ்ஸில் ஏறிப் பளையில் இறங்கி, கோயில் மடத்தில் படுத்தேன்.

விடிந்ததும் ஒரு தென்னங்காணி வாசலில் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முந்தி என்ன வேலை செய்தனீ?"

"மேசன் வேலை, ஐயா."

"இஞ்ச கட்டுறதுக்கு ஒண்டும் இல்லை. தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டவேணும். வெட்டுவியோ?"

திரும்பி றோட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஓம்" என்றேன். அவர் மண்வெட்டியை நீட்டினார்.