ஓர்மேரியாவின் மூத்த குடிமகன்

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், மலை உச்சியில் ஒரு கப்பல் நிற்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நிற்கிறது. இரும்புச் சட்டமும் பிளைவுட்டும் வைத்துக் கட்டியது. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்துவிட்டால் மிதப்பது போலவே இருக்கும். எஸ்டேட்காரர்கள் நட்டக் கணக்குக் காட்டி விற்ற சரிவை ஜோஜோ என்பவர் வாங்கி, ரிசார்ட் கட்டி, கூடவே ஒரு தேசத்தையும் கட்டிவிட்டார். அதன் பெயர் ஓர்மேரியா. ஏழு கடலையும் ஆண்ட பேரரசாம்.

கொடி உண்டு. யாருக்கும் புரியாத மொழியில் தேசிய கீதம் உண்டு. வணக்கம் சொல்வதற்கு, வலது கையை நெற்றியில் வைத்துப் பிறகு பள்ளத்தாக்குப் பக்கம் நீட்ட வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் ஏறி ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் குடித்தால் நீங்களும் ஓர்மேரியக் குடிமகன்தான். எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் தாத்தன் காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து கிள்ளுகிறோம். இங்கே எங்களுக்குப் பெயர் பாண்டி. மலை இறங்கிப் போடிக்குப் போனால் மலையாளத்தான். ஓர்மேரியா எவ்வளவோ மேல்.

அந்தக் குடியுரிமையை வழங்குகிறவர்தான் மொக்கையன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிசார்ட்டுக்குப் போகும் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் எனக்கு அவரை நாற்பது வருடமாகத் தெரியும். வெள்ளை ஒட்டுத்தாடி, நீல அங்கி, கையில் ஒரு துடுப்பு. அந்த வேஷத்தோடே என் கடைக்கு டீ குடிக்க வருவார். தாடி நனையாமல் அவர் டீ குடிப்பதைப் பார்க்கத் தனிக் கூட்டம் சேரும்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தன்னைப் போல் மலையாளம் பேச லயத்து வரிசை வீடுகளில் ஆளே கிடையாது என்று நினைப்பு. நாங்கள் பேசினால், "அது மலையாளமாய்யா? கல்லும் மண்ணுமா வருது" என்று கேலி செய்வார். அதிகாரிகளிடமும் முதலாளிகளிடமும் அவர் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. தமிழில் பேசினால் நம்மைக் கூலி என்று நினைப்பார்கள் என்பது அவர் கட்சி. மலையாளத்தில் பேசினாலும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது என் கட்சி.

கப்பலில் அவர் சொல்ல வேண்டிய வசனத்தை ஜோஜோவே எழுதிக் கொடுத்திருந்தார். தமிழ்நாட்டுக் கூட்டம் வந்தால் தமிழில், மற்றவர்களுக்கு மலையாளத்தில். அதில் ஓர் இடம் வரும்: "ஓர்மேரியர்களுக்கு மண் சொந்தமில்லை, கடலே சொந்தம். எங்கள் நாட்டில் குழிகளே கிடையாது. செத்தவர்களைத் தண்ணீரில் விடுவோம், திரும்பிப் பாராமல் போவோம்."

கப்பலுக்கு நேர் கீழேதான் எங்கள் லயத்து இடுகாடு. மூன்று தலைமுறைச் சனம் அங்கே கிடக்கிறது. மொக்கையனின் மனைவி சுருளியம்மாளும் அங்கேதான். அவள் தலைமாட்டில் அவர் வைத்த செம்பருத்தி மேல்தளத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"குழியே கிடையாதுன்னு தினமும் அவ தலைக்கு மேல நின்னு சொல்றேன்யா. அவ கேட்டுக்கிட்டே கெடக்குற மாதிரி இருக்கு."

"மொதலாளிகிட்ட சொல்லி அந்த வரிய எடுத்துருங்கண்ணே" என்றேன்.

"சொல்றேன். பூ வச்சுக் கும்புடுவோம்னு மாத்திச் சொல்லிட்டாப் போச்சு."

மறுநாளே ஜோஜோவிடம் போனார். தமிழ் நன்றாகப் புரியும் மனிதர்தான் ஜோஜோ. ஆனாலும் நம்மவர் மலையாளத்தில்தானே கேட்பார்!

"ஆ குழியுடெ காரியம் ஒந்நு மாற்றணம், சாரே."

அந்தக் குழி விஷயத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜோஜோ திருப்பிக் கேட்டாராம்:

"சேட்டன்டெ பார்யயும் அவிடெயல்லே?" உங்கள் மனைவியும் அங்கேதானே?

"அதே சாரே. அதுகொண்டாணு பறயுந்நது." அதனால்தான் சொல்கிறேன் என்றார் இவர்.

"செரி, மாற்றாம். திங்களாழ்ச்ச தன்னெ மாற்றாம்."

திங்கட்கிழமையே மாற்றிவிடலாம் என்று சொன்னதும் மொக்கையன் என் கடைக்கு வந்து எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "பாஷை தெரிஞ்சு பேசணும்யா. ரெண்டே வார்த்தையில காரியம் முடிஞ்சிருச்சு" என்றார்.

திங்கட்கிழமை ரிசார்ட்டுக்கு விடுமுறை. அன்று போடிக்குப் போய் மகள் இந்துவைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் புது வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே கப்பலுக்கு ஏறினார். கீழே பார்த்தார். இடுகாடு இல்லை. லயத்தில் யாருக்கும் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்து ஒரே மட்டமாக நிரவியிருந்தார்கள். நட்டு வைத்த கற்களை ஓரமாகக் குவித்திருந்தார்கள். எங்களுக்குப் பெரிய மனது பண்ணி, ஏலக்காட்டு ஓரத்தில் ஒரே குழியாக வெட்டி, கிடைத்த எலும்பையெல்லாம் அள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்க ஆளில்லை.

மலையாளத்தில் மாற்றுவது என்றால் ஒன்றை வேறாக்குவது மட்டுமில்லை, இருக்கிற இடத்தைவிட்டு அகற்றுவதும்தான். ஏன், தமிழிலும் அப்படித்தானே! போட்டோவில் இடுகாடு விழுகிறது என்று விருந்தாளிகள் முகம் சுளித்ததும், லயத்து ஆட்களுக்குப் பயந்து ஜோஜோ சும்மா இருந்ததும் ஊருக்கே தெரியும். அவருக்கு உண்மையிலேயே தவறாகப் புரிந்தது என்று யாராவது சொன்னால் என் கடையில் அவனுக்கு டீ கிடையாது.

லயமே திரண்டு போய் நியாயம் கேட்டது. ஜோஜோ நிதானமாக மொக்கையனைக் காட்டினார். "சேட்டன் தன்னெயல்லே பறஞ்ஞது?" நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் கேட்டதும் எல்லாத் தலையும் மொக்கையன் பக்கம் திரும்பியது. அப்பனை அங்கே புதைத்த ஈஸ்வரன் பாய்ந்து வந்து ஒட்டுத்தாடியைப் பிடித்தான். தாடி அவன் கையோடு வந்துவிட்டது.

"பேச்சத்தான்யா மாத்தச் சொன்னேன். சத்தியமா பேச்சத்தான்."

"அதத் தமிழ்ல சொல்லியிருந்தா ஒன் வாயி வெந்தா போயிரும்?"

மொக்கையன் தரையில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு அவரைத் தொட்டுத் தூக்க எவனுக்கும் மனம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

சமன் செய்த இடத்தில் இப்போது ஓர்மேரியாவின் துறைமுகம் இருக்கிறது. சிமெண்டுத் தரை, நங்கூரம், ஐஸ்கிரீம் கடை. லயத்தில் மொக்கையனோடு யாரும் பேசுவதில்லை. என் கடைக்கும் அவர் வருவது நின்றுவிட்டது. போன வாரம் இந்து வந்து, கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை என் கடை வாசலில் மறித்து, கையோடு கூட்டிப்போக மன்றாடினாள்.

"இன்னும் எதுக்குப்பா அந்தத் தாடியக் கட்டிக்கிட்டு? வேலைய விட்டுட்டு எங்கூட வந்துருப்பா."

"அள்ளுனதுல பாதிதான் ஏலக்காட்டுக்குப் போச்சாம்மா. மிச்சம் சிமெண்டுக்கு அடியில கெடக்காம். ஜேசிபிக்காரனே சொன்னான். ஒங்கம்மா எதுல இருக்கான்னு தெரியலியே."

"அதுக்கு வேலையில இருக்கணுமா? அப்பப்ப வந்து பாத்துட்டுப் போலாம்ல?"

"வேலைய விட்டா அங்க போயி நிக்க டிக்கெட் எடுக்கணும்மா" என்றார் மொக்கையன்.