கல் விழாத சினிமா

டென்ட் கொட்டகையில் படத்துக்குக் கதை சொல்லிப் பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: கூட்டம் சிரித்தால் அது படத்தின் திறமை, கூச்சல் போட்டால் அது நம் குற்றம்.

பெட்டி வந்தது

எங்கள் பகுதி தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். பாறசாலையில் எங்கள் கொட்டகையில் தமிழ்ப் படம் போட்டால் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. மலையாளப் படம் போட்டால் இன்னொரு கூட்டம். இனி ஒரு கல் விழுந்தாலும் லைசென்ஸ் போய்விடும் என்று போலீஸ் சொல்லிவிட்டது. எனக்கோ வேறு தொழில் தெரியாது.

அந்த நேரம் பார்த்து, சுமத்திராவில் தோட்ட வேலை பார்த்த முதலாளியின் மச்சான் ஒரு ரீல் பெட்டியோடு ஊருக்கு வந்தார். இந்தோனேசிய பாஷைப் படம்; மூன்று பையன்களின் சேட்டைக் கதை. முதலாளி தாசையனுக்கு முகம் தெளிந்துவிட்டது. "புரியாத பாஷைக்கு எவம்லே கல்லெறிவான்?" என்றார்.

தகரக் குழாய்

புரியாத படத்துக்கு நான்தான் தகரக் குழாயில் கதை சொல்ல வேண்டும். எந்தப் பாஷையில் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. குழாயை வாயில் வைத்ததும் தமிழ்க் கட்சி பெஞ்சும் மலையாளக் கட்சி பெஞ்சும் திரும்பி என்னையே பார்த்தன. தொண்டை கட்டிவிட்டதுபோல இருமி, அதைக் கீழே வைத்துவிட்டேன்.

திரையில் பையன்கள் வாத்தியாரின் குடையை ஒளித்தார்கள். அடுத்த வீட்டு மாமரத்தில் ஏறினார்கள். தரை டிக்கெட் சிரித்துப் புரண்டது. குளத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா என்னைத் தேற்றினாள்: "அண்ணே, நீரு வாயத் தொறக்காம மிண்டாத இரும். எங்க வீட்டுப் பயலுவ செய்யதுதானே, எங்களுக்குத் தெரியாதா?"

ரீல் மாறியது

ஆபரேட்டர் படபடப்பில் நான்காம் ரீலை மூன்றாவதாக ஓட்டிவிட்டார். பையன்கள் முதலில் அப்பனிடம் அடி வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் வள்ளத்தைத் திருடிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். இனி கல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தமிழ்க் கட்சி பெஞ்சிலிருந்து ஒருவர் மலையாளக் கட்சி பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அப்பனும் இப்பிடித்தான். செய்யதுக்கு முன்னயே ரெண்டு தந்திருவாரு."

ஏட்டின் கேள்வி

படம் முடிந்ததும், காவலுக்கு நின்ற ஏட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். படம் யார் பக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமாம். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, பயலுகள் பக்கம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்போ கொழப்பம் இல்ல. நாளைக்கும் ஓட்டும், எனக்க பிள்ளையளையும் கூட்டிட்டு வாறேன்" என்றார்.

வாயால் பிழைத்தவன் நான். வேலை தப்பியது மட்டும் வாயை மூடியதால்.