வேர்த்துக்கொட்டிய கல்யாண செட்

கொலு வைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை, மருமகளோடு வந்து சேர்ந்த வழக்கம். கல்யாணமான வருஷம் நவராத்திரிக்கு, பிறந்த வீட்டிலிருந்து ஒரு கல்யாண செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விரல் உயர மண் பொம்மைகள். மாப்பிள்ளை, பெண், ஐயர், நாதஸ்வரக்காரர், பெண்ணுக்கு அம்மா, மாப்பிள்ளைக்கு அம்மா. நிறமெல்லாம் உதிர்ந்து, பெண்ணுக்கு மூக்கு எது, மூக்குத்தி எது என்றே தெரியவில்லை.

சரஸ்வதி பூஜையன்று மேட்டுப்பாளையத்திலிருந்து சம்பந்தியம்மா கொலு பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அதற்குள் பொம்மைகளைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று மருமகளுக்கு ஆசை. கெடுத்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்று பயம். அவள் அம்மாவின் வாய் அப்படி. எங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு என் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, வெந்நீர் நல்ல சூடு என்று சொன்னவர்.

என் வீட்டுக்காரருக்கு பம்ப் செட் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற வேலை. மோட்டாரென்ன, மாப்பிள்ளையென்ன என்று எல்லாருக்கும் முதலில் இரும்புக்குப் பூசுகிற செந்நிற ரெட் ஆக்சைடு அடித்துவிட்டார். கல்யாண கோஷ்டியே துருப்பிடித்து நின்றது. அதன்மேல் நிறம் போடும் வேலை எனக்கும் மருமகளுக்கும் வந்தது. ஒரே நிறத்தைப் பூசினால் முகம் சுவர் மாதிரி இருந்தது. கருத்த நிறத்தை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து மடிப்பில் ஓடவிட்டதும் வேட்டிக்குச் சுருக்கம் வந்துவிட்டது. பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற வெளிர் நிறத்தைக் கன்னமேட்டில் மட்டும் தடவினோம். முகத்தில் உயிர் வந்தது. எனக்கு அந்த நிழல் வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐயரின் தொப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். வைக்க வைக்கத் தொப்பை பெருத்து, கடைசியில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அவரும் நல்ல மனுஷன்தான், அது வேறு கதை.

கடைசியில் வார்னிஷ். வீட்டுக்காரர் மினுக்குவது ஒன்று, மினுக்காதது ஒன்று என்று இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தார். எனக்கு எழுத்து தெரியாது. மூடியில் வழிந்திருக்கிற நிறத்தைப் பார்த்துத்தான் பெயிண்டை எடுப்பேன். வார்னிஷுக்கு ஏது நிறம்? கைக்கு வந்ததைப் பூசிவிட்டேன்.

பூஜையன்று காலையில் மருமகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, எல்லாருக்கும் வேத்துக் கொட்டுதுங்க."

பார்த்தால், காந்திபுரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவர்கள் மாதிரி மொத்தக் கல்யாணமும் பளபளக்கிறது. வேர்த்த முகத்துக்கு என்ன செய்வோம்? பவுடர் போடுவோம். பஞ்சில் தொட்டு ஒற்றினோம். வார்னிஷ் இன்னும் காயவில்லை போலிருக்கிறது, பவுடர் அப்படியே அப்பிக்கொண்டது. துடைக்கப் போனால் திட்டுத்திட்டாக ஆனது. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சம்பந்தியம்மா நேராகக் கொலுவுக்குத்தான் போனார். குனிந்தார். மருமகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, இது என்ற பொம்மைங்களா, நம்ம ஊட்டுக் கல்யாண போட்டோவுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. கல்யாணத்தன்று அந்தச் சித்திரை வெயிலில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பவுடர் அப்பிக்கொண்டு நின்றோம். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைக் கையில் எடுத்தார். அவளுக்குப் பவுடர் போடுவதற்குள்தான் ஆட்டோ வந்துவிட்டதே.

"இந்தம்மா மட்டும் மின்னுதுங்களே. அன்னைக்கும் நீங்க இப்படித்தான் எண்ணெய் வடிஞ்சுட்டு நின்னீங்க."

"அது எண்ணெய் இல்லீங்க. உங்க புள்ளைய எடுத்த சந்தோசத்துல மின்னுனேன்."

சம்பந்தியம்மா மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு பஞ்சைக் கேட்டு வாங்கி, மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தன் கையாலேயே பவுடர் ஒற்றினார். மூக்கே மறைகிற வரைக்கும் ஒற்றினார். மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சிரிக்கிறாள் என்று அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.