அரை மணி தள்ளிப்போன படகுகள்

படகுத்துறை அலுவலகத்தில் புறப்பாட்டு நேரங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆற்றின் இரு கரைகளிலும் சேர்த்து ஆறு துறைகள், ஆறு மின்பலகைகள். விடிகாலையில் அவற்றுக்கு நேரம் அனுப்பும் சின்ன புரோகிராமும் அவள் எழுதியதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு கண் திரையில், மறு கண் தண்ணீரில். "கனவுக்காரி" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

பனி மூட்டத்தால் படகுகள் எவ்வளவு தாமதமாகும் என்று மேலாளர் கேட்டிருந்தார். நேரப் பட்டியலைக் கொடுத்தால் நிமிடங்களைக் கூட்டித் தரும் ஃபங்ஷன் ஒன்றைப் புரோகிராமில் சேர்த்தாள். லேசான மூட்டத்துக்கு ஐந்து, நடுத்தரத்துக்குப் பத்து, கனத்ததற்குப் பதினைந்து என மூன்று முறை அதை அழைத்தாள்.

மறுநாள் காலை ஊரே வெள்ளைக்குள் மிதந்தது. படகு ஓட்டும் அண்ணன் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, முதல் படகு ஏழுக்குத்தானே? போர்டுல ஏழரைன்னு இருக்கு?"

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஐந்தும் பத்தும் பதினைந்தும் முப்பது! ஃபங்ஷனின் முதல் வரியைத் தேடினாள். பட்டியலின் பெயருக்கு முன்னால் ஒரு & குறி. பழைய புரோகிராமிலிருந்து வெட்டி ஒட்டியபோது கூடவே வந்துவிட்டது. அது இருந்தால் ஃபங்ஷனுக்கு நகல் போகாது, அசலே போய்விடும். மூன்று முறையும் அசல் பட்டியல்தான் மாறியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, படகுக்காகத் துறை பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பனியில் பாதி கரைந்தாற்போலத் தெரிந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஆறுகூட நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை விட மனமில்லாமல்தான் குறியை அழித்து, சரியான நேரங்களை அனுப்பினாள்.

பிறகு மேலாளரிடம் போனாள். "என் தப்பு சார். நகல்னு நெனச்சேன், அசலே போயிருச்சு."

"ஒத்தைக் குறியா இந்தப் பாடு படுத்துச்சு? இனிமே அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க," என்றார் அவர்.

அதற்குள், ஏழரை வரை படகுக்காகத் துறையில் காத்திருந்து வேலைக்குப் பிந்திப்போன தையற்கூடத்துப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "எங்க சூப்பர்வைசருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தவறு எங்களுடையது என்று கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள் கனவுக்காரி. அன்று மதியத்துக்குள் அப்படிப் பதினோரு கடிதங்கள் எழுதினாள்.

தையற்காரி தாளை மடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அந்த அரை மணியில நல்லாத் தூங்கினேங்க. அதை மட்டும் எழுதிடாதீங்க."