இடப்பக்கத்தால் வந்த பந்து

தவராஜாவின் வாய் சும்மா இராது. ஆனால் சுவிஸின் ஷ்லீரன் நகரில் தொழிற்சாலை துப்புரவு செய்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. யாழ்ப்பாணத்தில் தான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணி சுவிஸில் எங்கே ஆடினாலும், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கைபேசியில் படம் பிடிப்பார், பிடித்தபடியே திட்டுவார். மாலையில் அது பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். முன்னூறு பேர் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் மனிதர் மிச்ச ஆறு நாளையும் தள்ளினார்.

இந்தக் கோடையில் அவர் வாயில் விழுந்தவன் கோல்கீப்பர் கிஷோபன். ஐந்து வருடமாக அணியில் முதலில் எழுதப்படுவது அவன் பெயர்தான். லொறி ஓட்டுபவன். அந்த வேலையைக் காட்டித்தான் மனைவி ரிஷானியை ஊரிலிருந்து கூப்பிட விண்ணப்பித்திருந்தான்.

மூன்று ஆட்டங்களில் ஐந்து கோல் விட்டான். தவராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஐந்தும் இடப்பக்கத்தால் வந்தவை. பந்து பாதி வழி வந்த பிறகுதான் அவன் தலை திரும்பியது.

ஐந்தையும் ஒட்டிக் குரல் கொடுத்து அனுப்பினார். "இவருக்கு இடது கண் தெரியாது. கம்பத்துக்குக் கீழை குருடனை நிப்பாட்டிப்போட்டுக் கப் கேக்கிறியள். மற்றக் கீப்பர் பானுஜனை இறக்குங்கோ."

குழு சிரித்து உருண்டது. கிஷோபன் மட்டும் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணை, அதை அழிச்சுவிடுங்கோ."

"ஏன்ராப்பா, கோவமோ?"

"கோவமில்லை. எங்கடை கொம்பனி இராஜேந்திரன் அண்ணையும் குறூப்பிலை இருக்கிறார்."

தவராஜா குரலைத் தாழ்த்தினார். "மெய்யாவே தெரியாதோ?"

"ரிஷானி வந்து சேரட்டும் அண்ணை. பிறகு டொக்டரிட்டைப் போறன்."

அழிக்கிறேன் என்றார். கைபேசியைப் பார்த்தால் சிரிப்பு இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் பேச்சுக்கு இதற்குமுன் யாரும் அவ்வளவு சிரித்ததில்லை. சாப்பிட்டுவிட்டு அழிப்போம் என்று வைத்தார்.

அதற்குள் இராஜேந்திரன் பார்த்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. கிஷோபனின் லொறி தினமும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்து போவது அவருக்குத் தெரியும், முதலாளியிடம் சொன்னார். கண் சோதனை நடந்தது. லைசன்ஸ் போனது, வேலை போனது, ரிஷானியின் விண்ணப்பம் திரும்பி வந்தது. குழுவில் ஒருவர் எழுதினார்: "தவராஜா அண்ணையின்ரை கண்ணுக்கு ஒண்டும் தப்பாது."

கடைசி ஆட்டத்துக்கு பானுஜன் கம்பத்தடியில் நின்றான். கிஷோபன் பார்க்க வந்து, தவராஜாவின் பக்கத்தில் நின்றான்.

"இஞ்சாலை வாங்கோ அண்ணை. அந்தப் பக்கம் நிண்டா எனக்குத் தெரியாது."

தவராஜா அவனுடைய வலப்பக்கம் மாறி நின்றார். தன் கணிப்புச் சரியாகப் போனதே என்று அவருக்கு அழுகை வந்தது. கைபேசி சட்டைப் பையிலேயே கிடந்தது. திடீரென்று இடப்பக்கத்தால் ஒரு பந்து வலைக்குள் போக, சனம் கத்தியது.

"ஆர் அடிச்சது?" என்று கேட்டான் கிஷோபன்.