எடை மேடைக்கு வராத மீன்

துறைமுகத்தில் என் அக்காவுக்குப் 'பொறு அக்கா' என்று பெயர். சும்மா வைத்த பெயரல்ல. சுருக்கு வலையைச் சுற்றிப் போட்டு அடியை மூடியாயிற்று, உள்ளே சூரை மீன் கூட்டம் கொதிக்கிறது, கயிறு சுற்றும் வின்ச்சை ஓட்டி வலையை நெருக்கி மேலே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. எல்லோருக்கும் கை பரபரக்கும். அந்த நேரம் பார்த்து அவள் "பொறு" என்பாள். படகின் எஞ்சினும் வின்ச்சும் என் பொறுப்பு என்பதால் அந்தச் சொல் நேராக என் தலையில்தான் விழும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவுக்குக் கோபம் வராது, வந்தாலும் வெளியே தெரியாது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

படகு அத்தானுடையது. வலை இழுத்து இழுத்து அவர் முதுகு போய்விட்டதால் அக்கா ஏறினாள். அத்தான் இப்போது சமையலையும் வலை தைப்பதையும் பார்த்துக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே கடலுக்கு யோசனை சொல்வார். நாங்கள் கேட்ட மாதிரி தலையாட்டிவிட்டுப் போவோம்.

'பொறு' என்றதும் அக்கா என்ன செய்வாள் என்றால், நீளக் கைப்பிடி வைத்த ஒரு சின்ன வலையால் உள்ளேயிருந்து சில மீன்களை அள்ளுவாள். ஒவ்வொன்றாகத் தன் முன்கையில் கிடத்துவாள். முழங்கையில் வாலை வைத்தால் தலை விரல் நுனியைத் தாண்ட வேண்டும். தாண்டினால் ஏற்றலாம். தாண்டாவிட்டால் மிதவைக் கயிற்றை ஒரு பக்கம் தண்ணீருக்குள் அமுக்கச் சொல்வாள். அந்தக் கூட்டம் முழுக்க, உயிரோடு, எங்கள் கண் முன்னாலேயே வழிந்து போய்விடும். ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நானும் சேர்ந்துதான் திட்டுவேன்.

அவள் சொன்ன நியாயம் எளிமையானது. சூரை எங்கள் கடலில் குடியிருக்கிற மீன் அல்ல. தெற்கிலிருந்து வருகிறது, எங்களைக் கடந்து வடக்கே போகிறது, சுற்றிக்கொண்டு மறுபடி வருகிறது. நாங்கள் அது போகிற வழியில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். பருவத்தின் தொடக்கத்தில் வருவது குட்டி மீன். இன்னும் முட்டையே போட்டிருக்காது. அதை அள்ளினால் அதோடு போயிற்று. விட்டால் பெருத்து, பெருகி, திரும்பி வரும். இதைப் படகு படகாக ஏறிச் சொன்னாள். தேனொழுகப் பேசி அல்ல, நச்சரித்து. இவள் வாயிலிருந்து தப்பித்தால் போதும் என்றே பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். எப்படியோ, போன இரண்டு பருவமும் எங்கள் துறைமுகமே கையில் கிடத்தி அளந்து பார்த்துத்தான் மீன் பிடித்தது. எங்கள் படகில் நெடுங்கையன் ஒருவன் இருக்கிறான். "நீ அளக்காதே, உன் கைக்குத் திமிங்கலம்தான் சரிப்படும்" என்று அவனை ஓட்டுவார்கள். தெற்குத் துறையிலிருந்துகூட ஒரு படகோட்டி தேடி வந்தான். சின்னத் துறை, படகுகளும் கொஞ்சம். அக்காவோடு ஒருநாள் கடலுக்கு வந்து, எங்கே வால், எங்கே தலை என்று பார்த்துக்கொண்டு போனான். போகும்போது அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அக்கா அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடக்குத் துறைக்காரர்கள் மட்டும் வயர்லெஸ்ஸில் வந்து சிரித்தார்கள். "உங்க மீன் வந்து சேர்ந்துச்சு, ரொம்ப நன்றி" என்பார்கள். நாங்கள் விட்ட குட்டிகளை அவர்கள் வாரிக் கட்டினார்கள். எனக்கு வயிறு எரியும். அக்கா வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

பிறகுதான் வந்தது வினை. கடலில் சூரை குறைந்துவிட்டது என்று கோட்டா வாரியம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு துறையும் ஒரு பருவத்தில் எவ்வளவு சூரை பிடிக்கலாம் என்று அளவு கட்டுகிறவர்கள் இவர்கள்தான். மொத்த அளவைக் குறைத்தார்கள். அது சரி, குறைக்க வேண்டியதுதான். ஆனால் குறைத்ததை எப்படிப் பங்கு போட்டார்கள்? யார் கடந்த பருவங்களில் அதிகம் பிடித்தார்களோ அவர்களுக்கு அதிகம். யார் குறைவாகப் பிடித்தார்களோ அவர்களுக்குத் தேவை குறைவு என்று அர்த்தமாம். வடக்குத் துறையின் பங்கு கூடிப்போயிற்று. எங்கள் பங்கு பாதிக்கும் கீழே போயிற்று. வீட்டைக் கொளுத்தியவனுக்கு வீடும், அணைத்தவனுக்குச் சாம்பலும் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்தப் பங்கை வைத்துக்கொண்டு படகுகள் கொஞ்ச நாள் ஓடலாம். அப்புறம் கட்டிப்போட வேண்டியதுதான். ஆட்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடுவார்கள், திரும்பி வர மாட்டார்கள். மீனவர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லார் கண்ணும் அக்கா மேல். சங்கத் தலைவர் எழுந்து, "உன் கையால அளந்து அளந்து எங்க வயித்துல அடிச்சிட்ட" என்றார். என்னைப் பிடித்து உட்காரவைக்க நெடுங்கையன் தேவைப்பட்டான். அக்கா, வாரியத்துக்குத் தானே போய்ப் பேசிப் பங்கை மீட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள். முடியாவிட்டால் சங்கம் என்ன முடிவெடுத்தாலும் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

வாரியத்தின் அறையில் ஏசி நடுக்கியது. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சுவர் முழுக்க ஒரு கடல் வரைபடம், அதில் தெற்கிலிருந்து வடக்கே வளைந்து போகும் சிவப்பு அம்புகள். எங்கள் துறை அந்த அம்பின் முதுகில் ஒரு புள்ளி. அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார், அக்கா பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரு கத்தலாவது கத்தியிருப்பேன்.

"நீங்க சொல்றது புரியுதும்மா," என்றார். "ஆனா கடல்ல விட்ட மீனுக்கு நான் எந்தக் கணக்குல இடம் கொடுக்கிறது? எடை மேடைக்கு வந்ததுதான் எங்களுக்கு மீன்."

"நாங்க விட்டதை வடக்கால அள்ளி எடை போட்டாங்க. அங்க அது மீனாயிடுச்சு," என்றாள் அக்கா. "எங்க வலையில இருந்தப்ப அது என்ன சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். பருவத்தின் நடுவில் வாரியம் பங்குகளைத் திருத்துமாம். தன் பங்கைச் சீக்கிரம் பிடித்து முடித்த துறைக்குக் கூட்டிக் கொடுப்பார்களாம், முடிக்காத துறையிடமிருந்து எடுத்து. "அதனால ஆரம்பத்துலயே வேகமா முடிச்சுக் காட்டுங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஆரம்பத்தில் வருவது குட்டி மீன். அது அவருக்குத் தெரியும். அவர் தலைக்குப் பின்னாலேயே வரைபடம் தொங்கியது. மீனைக் காப்பாற்றத்தான் கோட்டா, கோட்டாவைக் காப்பாற்ற மீன் குட்டியை அள்ளு என்று சொல்கிறோமே என்று அந்த மனிதருக்கு ஒரு கணம் உறைத்ததா? உறைத்திருந்தாலும் முகத்தில் தெரியவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சங்கம் ஒரே பேச்சில் முடிவெடுத்தது. முதல் மீன் கூட்டம் தென்பட்டதும் எல்லாப் படகும் இறங்கும், அளவு கிளவு எதுவும் கிடையாது. அக்கா குறுக்கே நிற்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம். வீட்டில் அத்தான் கேட்டதற்குக் கடலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். அத்தானும் அன்றைக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை.

முதல் கூட்டம் ஒரு காலையில் வந்தது. தண்ணீர் கறுத்துப் பொரிந்தது, மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. சுற்றி வளைத்தோம், அடியை மூடினோம். மற்ற படகுகள் வலையைப் போடாமல் எஞ்சினைக் குறைத்துக்கொண்டு நின்றன. பொறு அக்கா என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க நின்றார்கள். அவள் பொறு என்றிருந்தால் பாதிப் படகுகள் பொறுத்திருக்கும், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பழக்கத்தில் சின்ன வலையை எடுத்து அள்ளினாள். ஒரு மீனைக் கையில் கிடத்தினாள். தலை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அது துடித்துக்கொண்டே இருந்தது, அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வின்ச்சின் பிடியில் என் கை. அந்தச் சொல்லுக்காக அத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"இழு," என்றாள்.

இழுத்தேன். எல்லாப் படகும் இழுத்தது. கரையில் எடை மேடை குட்டி மீனால் நிறைந்து வழிந்தது. வழக்கமாக எங்களிடம் மீன் எடுக்கும் வியாபாரிகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். தீவனத் தொழிற்சாலையின் லாரிதான் வந்து அள்ளியது, மீனை அரைத்து மாவாக்க. நெடுங்கையன் தார்ப்பாய் போட்டு மூடப் போனான். அக்கா அவனைத் தடுத்தாள். கடைசிக் கூடை ஏறும்வரை மேடைப் பக்கத்திலேயே நின்றாள்.

எங்கள் பங்கை எல்லோருக்கும் முன்னால் பிடித்து முடித்தோம். அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. பருவத்தின் நடுவில் பங்கைத் திருத்தி, எங்களுக்குக் கூட்டிக் கொடுத்து, அக்காவுக்குத் தானே போன் பண்ணிச் சந்தோஷமாகச் சொன்னார். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அக்கா கேட்டாள். தெற்குத் துறையிலிருந்து என்றார். அவர்கள் இந்தப் பருவத்தில் ஏனோ ரொம்ப மெதுவாகப் பிடிக்கிறார்களாம், அவர்களுக்குத் தேவை குறைவு போலிருக்கிறதாம்.

சங்கத் தலைவர் அக்காவைக் கட்டிப்பிடிக்காத குறை. துறைமுகமே அவள் பேரைச் சொல்லிக் கொண்டாடியது. எனக்கு எவனையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் கடலில் வயர்லெஸ் கரகரத்தது. தெற்குத் துறைப் படகோட்டி. அக்காவை விசாரித்தான், அத்தானின் முதுகை விசாரித்தான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே செஞ்சோம். இந்த வருஷம் எங்க துறையில ஒருத்தர்கூடக் குட்டியைத் தொடலை. பெரிய மீன் இப்பத்தான் வர ஆரம்பிக்குது, பாத்தா எங்க பங்கைக் காணோம். வாரியத்துல வேற துறைக்குக் கொடுத்துட்டதா சொல்றாங்க. யாரு எடுத்துக்கிட்டாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சத்தத்தைக் குறைத்துவிடு என்று நான் சைகை காட்டினேன். வடக்குத் துறைக்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான். அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நான்தான்," என்றாள்.