நான்கு பாகம் படித்தும் பிடிக்காத காட்டேரி

போன வாரம் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு வெளியே, தார்ப்பாயில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களில் மகளுக்குக் கணக்கு கைடு தேடிக் குனிந்தேன். கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டதும், கடைத்தெருவில் பழைய கணக்கு வாத்தியாரைப் பார்த்தவன்போல நிமிர்ந்துவிட்டேன். அந்த ரத்தக்காட்டேரிக் காதல் கதைதான். உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஒரு காலத்தில் அதைப் படிக்காத பிள்ளைகளே கிடையாது. எனக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் நான்கு பாகத்தையும் படித்து முடித்திருந்தேன் என்பதுதான் என் வீரம்.

எடுத்து முகர்ந்தேன். அந்தப் பழைய வாசனை இதில் இல்லை. நான் படித்த பிரதியில் கடல் ஈரமும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பூசும் கிரீமும் கலந்து மணக்கும். அப்போது மாமல்லபுரத்தில் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தேன். தங்கியவர்கள் படித்துவிட்டு விட்டுப்போன புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி நிறைய இருக்கும். அங்கே கணக்குப் பார்த்த ஸ்டெல்லா அதிலிருந்துதான் முதல் பாகத்தை எடுத்தாள். நான் படாளத்திலிருந்து வருவேன். அவள் வீடு செங்கல்பட்டு. அங்கிருந்து இருவருக்கும் ஒரே பஸ். ஏறியதும் புத்தகத்தைத் திறப்பாள், மாமல்லபுரம் வரும்வரை தலை நிமிராது. பேசுவதற்கு வேறு வழி தெரியாமல், "நானும் படிக்கட்டா?" என்றேன்.

"படிப்பியா? இங்கிலீஷு."

அந்த 'இங்கிலீஷு' என்ற ஒற்றைச் சொல்லுக்காகவே அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். கதாநாயகனான காட்டேரிக்கு வயது நூறுக்கு மேல். இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். எத்தனை பாடத்தில் பெயிலோ! பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு வேறு.

"நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"சூப்பர்."

அந்தப் பொய்க்கு இரண்டாம் பாகம் கிடைத்தது. அடுத்த பொய்க்கு மூன்றாவது. நடுவில் எனக்கு ஒரு யோசனை. கதாநாயகன்போல வெளுத்து, பேசாமல் வெறித்துப் பார்த்தால் என்ன? முகத்துக்கு கிரீம் வாங்கினேன். வெயிலில் இறங்குவதை நிறுத்தினேன். "களத்துக்கு வாடான்னா பேய் புடிச்சவன் மாரி உள்ளயே குந்திகினு கீற" என்றார் அப்பா. அவருக்குத்தான் விஷயம் பாதி புரிந்திருந்தது. ஸ்டெல்லாவை ஒருநாள் முழுக்க வெறித்துப் பார்த்தேன். சாயங்காலம் அவள் ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்தாள்.

நான்காம் பாகம் முடிந்த மறுநாள் பஸ்ஸில் என்னால் தாங்க முடியவில்லை. "ஸ்டெல்லா, எனக்குச் சுத்தமா புடிக்கல. நூறு வயசுக் கெழவன் பள்ளிக்கூடத்துப் பொண்ணு பின்னாடி சுத்துறான். இதுக்குப் பேரு காதலா?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நின்றுவிட்டார். "இன்னாது, நூறு வயசா?"

"காட்டேரி அண்ணாத்த. ரத்தம் குடிக்கும்" என்றேன்.

"அதுக்கு இஸ்கூல்ல இன்னா வேல?"

பஸ்ஸே சிரித்தது. பூக்கூடைக்கார அம்மா ஒருவர் மட்டும், "அது கொணமா நடந்துக்குதா, அத்தச் சொல்லு மொதல்ல" என்று காட்டேரியின் கட்சியில் சேர்ந்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கூட்டம் அடங்கியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவன் நூறு வருஷம் ஒருத்திக்காகக் காத்துகினு கீறான். எங்க வூட்ல மூணு மாசங்கூட காத்திருக்க மாட்டேங்கிறாங்க. வர்ற தையில கல்யாணமாம். எனக்கு எம்.காம். படிக்கணும்."

நான் கதையில் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பொறுமையைப் பார்த்திருக்கிறாள். "நீ படி. கிளாஸ் இருக்கிற நாள்ல உன் கணக்கையும் நானே பாத்துக்கறேன்" என்றேன். அதோடு இன்னொன்றும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திருக்கழுக்குன்றம் வந்து ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. நூறு வருஷம் தள்ளிப்போட நான் என்ன காட்டேரியா?

ஸ்டெல்லா வீட்டில் சண்டை போட்டாள், இரண்டு வேளை பட்டினி கிடந்தாள், அவள் அப்பா இறங்கிவந்தார். அஞ்சல் வழியில் படித்து முடித்தாள். ஊரப்பாக்கத்தில் நல்ல வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவரையே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வெயிலில் கறுத்த, வாய் ஓயாத மனிதர். சிரிக்கும்போது அவர் பல்லைக் கூர்ந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "நீ படின்னு சொன்ன மொத ஆளு இவன்தான்" என்று ஸ்டெல்லா அவரிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். அன்று பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

அந்த விடுதி இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். வெள்ளைக்காரர்களும் போனில் படிக்கிறார்கள், எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. அந்தத் தடத்தில் போன மாதம் ஒரு வேலையாகப் போனேன். உட்கார இடம் கிடைத்தது. பஸ்ஸில் யாரும் யாருடைய கதையிலும் தலையிடவில்லை. அவரவர் காதில் அவரவர் கதை ஓடிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம்வரை சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு நானும் பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.